ரோர்க்ஸ் ட்ரிஃப்ட்: ஒரே இரவுக்குப் பதினொரு விக்டோரியா கிராஸ் தகுமா?

ஏட்டுச்சுவடி:
நண்பர்களே, ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு விஷயத்தை இங்கே வைக்கிறேன்.

1879 ஜனவரி 22. தென்னாப்பிரிக்காவில் ஜூலு நாட்டுக்குள் பிரிட்டிஷ் படை நுழைந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அன்று மதியம் இசாண்டல்வானா மலையடிவாரத்தில் இருந்த பிரிட்டிஷ் முகாமைச் சுமார் 20,000 ஜூலு வீரர்கள் சூழ்ந்து அழித்துவிட்டார்கள். முகாமில் செத்தவர்கள் 1,300க்கு மேல். அதே சாயங்காலம், சுமார் பத்து மைல் தள்ளி, ஆற்றுத் துறையான ரோர்க்ஸ் ட்ரிஃப்டில் இருந்த ஒரு மிஷன் வீட்டை மூவாயிரம், நாலாயிரம் ஜூலுக்கள் தாக்கினார்கள். உள்ளே இருந்தவர்கள் 150 பேர் அளவில், அதில் முப்பதுக்கு மேல் நோயாளிகள். விடியும்வரை தாக்குப்பிடித்தார்கள். அதற்குப் பதினொரு விக்டோரியா கிராஸ், அதாவது பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கம். அதில் ஏழு, 24வது ரெஜிமென்டின் இரண்டாம் பட்டாலியன் ஒன்றுக்கே.

என் கருத்து இதுதான். அந்தப் பதினொன்றும் சாயங்காலச் சண்டைக்காக மட்டும் கொடுத்தவை அல்ல. மதியம் நடந்ததை மக்கள் மறக்க வேண்டும் என்று கொடுத்தவை. பிப்ரவரி 11 அன்று லண்டனுக்குச் செய்தி போனபோது பிரதமர் டிஸ்ரேலியின் அரசு ஆடிப்போனது. ஈட்டியும் கேடயமும் வைத்திருந்தவர்கள் மார்ட்டினி ஹென்றி ரைபிள் வைத்திருந்த படையை அழித்துவிட்டார்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? மே மாதமே எட்டுப் பேருக்கு அறிவிப்பு வந்துவிட்டது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள், கேட்கத் தயார்.

கோட்டைமேடு:
ஐயா, மாற்றுக் கருத்து என்னுடையது. அரசுக்கு அந்தச் செய்தி வசதியாக இருந்தது, சரி. ஆனால் வசதியாக இருந்ததாலேயே அந்த இரவில் நடந்தது சின்னதாகிவிடாது. முதலில் ஆஸ்பத்திரியாக்கியிருந்த அந்த மிஷன் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று பாருங்கள், அப்புறம் பதக்கத்தை எண்ணலாம்.

அது ஒரு கூரை வீடு. சின்னச் சின்ன அறைகள். பல அறைகளுக்கு உள்ளே இருந்து இன்னொரு அறைக்குப் போகக் கதவே கிடையாது, வெளியேதான் வாசல். ஹென்றி ஹூக் என்ற சிப்பாய் நோயாளிகளுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தவர். சண்டை தொடங்கியதும் அங்கேயே காவலுக்கு நின்றார். ஆறு மணி வாக்கில் ஜூலுக்கள் கூரைக்குத் தீ வைத்தார்கள். வாசல் பக்கம் அவர்கள், தலைக்கு மேல் நெருப்பு, உள்ளே நடக்க முடியாத நோயாளிகள். ஜான் வில்லியம்ஸ் என்பவர் சுவரை இடித்து ஓட்டை போடுகிறார். அவர் ஓட்டை போட்டு முடிக்கும்வரை ஹூக் ஒற்றை ஆளாக வாசலில் பயனட்டோடு நிற்கிறார். ஓட்டை வழியாக நோயாளிகளை ஒவ்வொருவராக இழுக்கிறார்கள். அடுத்த அறை. மறுபடி சுவர், மறுபடி ஓட்டை. கானலி என்று ஒருவர், ஏற்கெனவே கால் முறிந்தவர். அவரை ஹூக் இழுத்த இழுப்பில் கால் மறுபடியும் உடைந்தது. ஆள் பிழைத்தார்.

அந்தப் பக்க அறையில் வில்லியம் ஜோன்ஸ், ராபர்ட் ஜோன்ஸ். ஏழு நோயாளிகளில் ஆறு பேரை வெளியே கொண்டுவந்தார்கள். ஏழாவது ஆள் சார்ஜென்ட் மேக்ஸ்ஃபீல்ட், காய்ச்சலில் புத்தி பேதலித்துக் கிடந்தார், உடை மாட்டவே விடவில்லை. ராபர்ட் ஜோன்ஸ் திரும்பிப் போனபோது கட்டிலிலேயே அவரைக் குத்திக்கொண்டிருந்தார்கள்.

இந்த நாலு பேரும் பதக்கம் வாங்கினார்கள். இதில் எந்தப் பெயரை அடிக்கச் சொல்கிறீர்கள்?

ஏட்டுச்சுவடி:
இந்த நாலில் ஒன்றையும் அடிக்கச் சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது எனக்கும் தொண்டை அடைக்கிறது. ஆனால் நீங்கள் பட்டியலின் கீழ்ப்பாதியை எடுத்துப் பேசுகிறீர்கள். நான் மேல்பாதியைப் பற்றிக் கேட்கிறேன்.

இசாண்டல்வானா முகாம் அழிந்த செய்தி வந்ததும் தளபதிகளான சார்டும் ப்ரோம்ஹெட்டும் முதலில் என்ன நினைத்தார்கள்? நோயாளிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றுதான் பேச்சு ஓடியது. வேண்டாம், திறந்த வெளியில் மாட்டுவண்டியோடு போனால் வழியிலேயே பிடித்துவிடுவார்கள், இங்கேயே நின்று மூட்டை அடுக்குவோம் என்று சொன்னவர் ஜேம்ஸ் டால்டன். பழைய சார்ஜென்ட், அப்போது சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த கமிசரியட் ஆள். மக்காச்சோள மூட்டைகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் வைத்து அரண் கட்டும் யோசனைக்கு அவர்தான் முதுகெலும்பு. தோளில் குண்டு பட்டும் நகரவில்லை. அந்த மனிதர் மே மாதப் பட்டியலில் இல்லை! அப்புறம் பத்திரிகைகள் கேள்வி கேட்டு, நவம்பரில்தான் கிடைத்தது. ஆபீசர்கள் இருவருக்கும் முதல் வரிசை, யோசனை சொன்னவருக்குக் கடைசிப் பந்தி.

பதக்கம் வீரத்தை மட்டும் பார்த்துக் கொடுக்கப்பட்டிருந்தால் இந்த வரிசை வந்திருக்குமா?

கோட்டைமேடு:
டால்டன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அது அநியாயம். ஆனால் அதையே திருப்பிப் பாருங்கள். முதலில் விட்டுப்போனவரைப் பின்னால் சேர்த்தார்கள். டாக்டர் ரெனால்ட்ஸ், சுவிட்சர்லாந்துக்காரர் ஷீஸ், டால்டன் மூன்று பேருமே பின்னால் சேர்ந்தவர்கள். வெறும் விளம்பரம் என்றால் எட்டோடு நிறுத்தியிருப்பார்களே.

எண்ணிக்கைதான் உறுத்துகிறது என்றால், 1857 நவம்பர் 16, லக்னோவில் ஒரே நாளில் இருபதுக்கு மேற்பட்ட விக்டோரியா கிராஸ். அதை யாரும் இப்படிக் கேட்பதில்லை.

ஏட்டுச்சுவடி:
லக்னோவில் சண்டையிட்டவர்கள் ஆயிரக்கணக்கில். இங்கே 150 பேரில் பதினொன்று. நான் கேட்பது அந்த விகிதத்தை. (லக்னோவையும் யாராவது கேட்கத்தான் வேண்டும், அது வேறு இழையில்.)

இன்னொன்று. நான் மட்டும் சொல்லவில்லை. படைத்தலைவராக இருந்த செம்ஸ்ஃபோர்ட் பிரபுவுக்குப் பதிலாக வந்த வோல்ஸ்லி தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்: தப்பிக்க வழியில்லாமல் கட்டடத்துக்குள் மாட்டிக்கொண்டு எலிபோல உயிருக்குப் போராடியவர்களை மாவீரர்கள் ஆக்குவது அபத்தம் என்கிற பொருளில். பிரிட்டிஷ் ஜெனரலே சொன்னது.

கோட்டைமேடு:
அதே வோல்ஸ்லிதான் 1879 ஆகஸ்ட் 3 அன்று ரோர்க்ஸ் ட்ரிஃப்டுக்கே போய், அந்த இடத்திலேயே ஹூக்கின் சட்டையில் பதக்கத்தைக் குத்தினார். எந்த வோல்ஸ்லியை எடுத்துக்கொள்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

தவிர, தப்பிக்க வழியில்லாதவன் வீரன் ஆக முடியாது என்பது குதிரை மேல் இருப்பவரின் கணக்கு. ஹூக்குக்கு வழி இருந்தது. ஓட்டை வழியாக முதலில் தான் நுழைந்திருக்கலாம்.

டர்பன்காரன்:
வணக்கம். நான் டர்பனில் இருக்கிறேன். என் முப்பாட்டனார் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்தவர். மதராஸிலிருந்து முதல் கப்பல் நேட்டாலுக்கு (டர்பன் அடங்கிய அன்றைய பிரிட்டிஷ் காலனி) வந்தது 1860 நவம்பரில், ஆகவே இந்தச் சண்டை நடந்தபோது நம் ஆட்கள் ஏற்கெனவே இங்கே இருந்தார்கள். இசாண்டல்வானா செய்தி வந்ததும் ஜூலு படை இறங்கி வருகிறது என்று நேட்டால் நகரங்கள் பயந்து தடுப்பு கட்டின. ஆக, இது எனக்குப் புத்தகத்தில் படித்த கதை மட்டும் இல்லை.

இரண்டு பேரும் சுவருக்கு உள்ளே இருந்தே பேசுகிறீர்கள். வெளியே இருந்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

ரோர்க்ஸ் ட்ரிஃப்டுக்கு வந்தவர்கள் இசாண்டல்வானாவில் பின்னணியில் நிறுத்தப்பட்ட படை. அங்கே சண்டைபோட வாய்ப்பு கிடைக்கவில்லை. பலர் கல்யாணமாகித் தலையில் வளையம் கட்டிய, நாற்பதைத் தாண்டிய ஆட்கள். காலையிலிருந்து ஓட்டம், வயிற்றில் ஒன்றுமில்லை, ஆற்றைக் கடந்து வந்தார்கள். எல்லை தாண்டி நேட்டாலுக்குள் போகக்கூடாது என்று மன்னர் செட்ஷ்வாயோ கட்டளையிட்டிருந்தார். அவருடைய தம்பி டபுலமன்சிதான் அதை மீறிக் கூட்டிப்போனார். மூட்டைச் சுவரை நோக்கி எத்தனை முறை வந்தார்கள்! முன்னால் விழுந்தவன் உடல் மேல் கால் வைத்து, சுடும் துப்பாக்கிக் குழாயைக் கையாலேயே பிடித்து இழுத்திருக்கிறார்கள். இது எதிரில் நின்ற சிப்பாய்களே சொன்னது. விடிந்ததும் சார்டின் அறிக்கை எண்ணிய உடல்கள் 351. பிரிட்டிஷ் தரப்பில் 17.

அந்த 351 முழுக் கணக்கும் இல்லை. காயம்பட்டு நகர முடியாமல் புல்லிலும் சோளக்காட்டிலும் கிடந்தவர்களை மறுநாள் தேடித் தேடிக் கொன்றார்கள். பதக்கச் சான்றிதழில் அந்த மறுநாள் வராது.

கோட்டைமேடு:
அண்ணே, நீங்கள் சொன்ன மறுநாளை நான் நியாயப்படுத்த மாட்டேன். காயம்பட்டவனைக் கொல்வது கொலைதான். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: அன்று காலை வந்துசேர்ந்த செம்ஸ்ஃபோர்டின் ஆட்கள் முந்தைய இரவை இசாண்டல்வானாவில், வயிறு கிழிக்கப்பட்ட தங்கள் தோழர்களின் உடல்களுக்கு நடுவே கழித்தவர்கள். அந்த வெறியோடு வந்தார்கள்.

டர்பன்காரன்:
வயிற்றைக் கிழிப்பது அவமதிக்க அல்ல தம்பி. கொன்றவன் அந்த உடலைத் திறந்து ஆவியை விடுவிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது கொன்றவனையே பிடிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. செத்தவனுக்குச் செய்ய வேண்டிய கடமை. பார்த்த சிப்பாய்களுக்கு அது தெரிய வழியில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

செங்காந்தள்:
நான் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். பதக்கம் கொடுத்தவர்களின் நோக்கத்தை விவாதிக்கிறீர்கள். வாங்கியவர்கள் அப்புறம் எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் ஒரு நாடு அந்த ஆட்களை மதித்ததா, அந்தச் செய்தியை மட்டும் மதித்ததா என்பது அதில் தெரியும்.

ஆபீசர் அல்லாதவர்களுக்கு அப்போது விக்டோரியா கிராஸோடு ஆண்டுக்கு 10 பவுண்டு. அவ்வளவுதான்.

வில்லியம் ஜோன்ஸ், ஆறு பேரைக் காப்பாற்றியவர்களில் ஒருவர், வேலை கிடைக்காமல் அலைந்தார். பிழைப்புக்காக பஃபலோ பில்லின் ‘வைல்ட் வெஸ்ட்’ காட்சிகளில்கூட மேடையேறினார். பதக்கத்தை அடகு வைத்தார், மீட்க முடியவில்லை. வயதான காலத்தில் ஜூலுக்கள் வருகிறார்கள் என்று ராத்திரியில் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடுவாராம். 1913இல் மான்செஸ்டரில் இறந்தபோது ஏழைகளுக்கான பொதுக் குழியில் புதைத்தார்கள்.

ராபர்ட் ஜோன்ஸ், மற்றவர், 1898இல் துப்பாக்கிக் குண்டால் இறந்தார். தற்கொலை என்று தீர்ப்பு வந்தது. பீட்டர்சர்ச் கிராமத்துக் கல்லறையில் மற்றக் கற்களெல்லாம் ஒரு பக்கம் பார்த்திருக்க, அவர் கல் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கிறது.

ஷீஸ், காலில் புண்ணோடு நோயாளியாக இருந்தும் எழுந்து வந்து சண்டை போட்டவர், கேப் டவுன் தெருவில் பட்டினி கிடந்தார். ஊர் மக்கள் காசு போட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள். 1884இல் கப்பலிலேயே இறந்தார், கடலில் இறக்கினார்கள். வயது 28.

இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "மிஸ், அந்த மெடலை வித்தா எவ்வளவு கிடைச்சிருக்கும்?" அந்தக் கேள்வியில் தப்பே இல்லை என்று நினைக்கிறேன்.

கோட்டைமேடு:
டீச்சர், நீங்கள் சொன்னதெல்லாம் உண்மை, மனசு கனக்கிறது. ஆனால் எல்லாரும் அப்படி இல்லை. ஃபிரெட் ஹிட்ச் தோள் எலும்பு நொறுங்கியும் கார்ப்பரல் ஆலனோடு சேர்ந்து ராத்திரி முழுக்கத் தோட்டா எடுத்துக் கொடுத்தவர். பின்னால் லண்டனில் டாக்சி ஓட்டினார், அவர் இறுதி ஊர்வலத்துக்கு வண்டியோட்டிகள் திரண்டு வந்தார்கள். ஹூக் பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்த்தார்.

செங்காந்தள்:
ஆமாம். டாக்சிக்காரர்கள் வந்தார்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன்.

நெல்லைத்தம்பி:
எனக்கு ஒரு சந்தேகம். பிரிட்டிஷ் பக்கம் கறுப்பினப் படையும் இருந்ததே, அவர்களில் யாருக்காவது விக்டோரியா கிராஸ் கிடைத்ததா? நம் ஊர்ச் சிப்பாய்களுக்கு அப்போது கிடையாது என்று படித்திருக்கிறேன்.

கோட்டைமேடு:
இந்தியச் சிப்பாய்களுக்கு 1911வரை கிடையாது தம்பி, அவர்களுக்கு வேறு விருது இருந்தது. ஆனால் தோல் நிறத்தை வைத்துச் சட்டப்படி தடை இல்லை. 1857இல் லக்னோவில் வில்லியம் ஹால் என்ற கறுப்பினக் கப்பற்படை வீரருக்குக் கொடுத்திருக்கிறார்கள். காம்பியாவில் நடந்த சண்டைக்காக சாமுவேல் ஹாட்ஜுக்கும். ரோர்க்ஸ் ட்ரிஃப்டில் இருந்த நேட்டால் கறுப்பினப் படைப்பிரிவு தாக்குதலுக்குக் கொஞ்சம் முன்னால் ஓடிவிட்டது. அதனால் அங்கே அந்தப் பேச்சு எழவில்லை.

டர்பன்காரன்:
ஓடிவிட்டது என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். அந்தப் படைப்பிரிவில் பத்து பேருக்கு ஒரு துப்பாக்கி. சீருடை கிடையாது, தலையில் ஒரு சிவப்புத் துணி. அவர்களின் வெள்ளைக்கார கேப்டனும் கூடவே ஓடினார்.

நிற்க வழி கொடுத்த இடத்தில் கறுப்பின வீரர்கள் நின்றார்கள். இசாண்டல்வானாவிலிருந்து தப்பி பஃபலோ ஆற்றுக்கு ஓடியவர்களுக்குப் பின்னால் ஜூலுக்கள் துரத்தி வந்தபோது, அக்கரையில் வரிசையாக நின்று சுட்டு, தப்பியவர்களைக் கரையேற விட்டவர்கள் ஈடன்டேல் ஊரைச் சேர்ந்த கறுப்பினக் குதிரைப்படையினர். தலைவர் சிமியோன் கம்புலே. அவருக்கு விக்டோரியா கிராஸ் இல்லை, அதற்கு அடுத்த நிலைப் பதக்கம்தான்.

அதே ஆற்றில், அதே மதியம், 24வது ரெஜிமென்டின் கொடியைக் காப்பாற்றப் போய் இறந்த மெல்வில், காக்ஹில் என்ற இரண்டு லெப்டினன்ட்களுக்கு 28 ஆண்டு கழித்து, 1907இல், விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். செத்தவர்களுக்குக் கொடுப்பதில்லை என்ற விதியையே தளர்த்திக் கொடுத்தார்கள்.

கோட்டைமேடு:
அந்த இருவரையும் குறைத்துப் பேசாதீர்கள். காக்ஹில் ஆற்றைக் கடந்து தப்பிவிட்டவர். மெல்வில் தண்ணீரில் தத்தளிப்பதைப் பார்த்துத் திரும்ப ஆற்றுக்குள் இறங்கினார். முழங்காலில் ஏற்கெனவே அடி, நடக்க முடியாது, குதிரையும் சுடப்பட்டது. தெரிந்தே இறங்கினார். அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

ஏட்டுச்சுவடி:
வீரம் என்றுதான் வைப்பேன். ஆனால் அந்த நாளில் முகாமில் காலாள் படையினர் எத்தனையோ பேர் கடைசித் தோட்டா தீர்ந்தபின் முதுகோடு முதுகாக நின்று செத்தார்கள். அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று சொல்லப் பிழைத்தவர் இல்லை. குதிரை இருந்தவர்கள் ஆற்றுவரை வந்தார்கள், அதனால் அவர்கள் கதை வந்தது. பார்த்த சாட்சி இருந்தால்தான் பதக்கம். தோற்ற சண்டையில் சாட்சி மிஞ்சுவதில்லை.

இதைத்தான் முதல் பதிவில் சரியாகச் சொல்லத் தெரியாமல், மதியம் நடந்ததை மறக்கவைக்கக் கொடுத்தவை என்று எழுதினேன். மறைத்தார்கள் என்பதில் நான் இன்னும் பின்வாங்கவில்லை. லண்டன் அரசு அனுமதிக்காத போரை, நிறைவேற்றவே முடியாத இறுதி எச்சரிக்கை விட்டு இழுத்துவந்தவர் அங்கிருந்த பிரிட்டிஷ் ஹை கமிஷனர் பார்ட்டில் ஃப்ரெர். முகாமைச் சுற்றி அரண் கட்டாமல் படையை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போனவர் செம்ஸ்ஃபோர்ட். பழியை அந்தச் சண்டையில் இறந்துபோன கர்னல் டர்ன்ஃபோர்ட் தலையில் போட்டார்கள். பதினொரு பெயர்கள் பத்திரிகையில் வந்தபோது இந்த மூன்றும் பின்பக்கத்துக்குப் போய்விட்டன.

கோட்டைமேடு:
ஃப்ரெர், செம்ஸ்ஃபோர்ட் பற்றி நீங்கள் சொல்வதற்கு மறுப்பில்லை. நான் முதலிலிருந்து கேட்பது ஒன்றுதான். அவர்கள் தப்புக்கு ஹூக்கும் ஜோன்ஸும் ஏன் தலைகுனிய வேண்டும்? அரசியலுக்குப் பயன்பட்டது என்பதற்காக அந்த ஆஸ்பத்திரிச் சுவரில் விழுந்த ஓட்டை பொய்யாகாது.

நெல்லைத்தம்பி:
டர்பன் அண்ணே, ஜூலு பக்கம் இப்படிப் பதக்கம் மாதிரி ஏதாவது உண்டா?

டர்பன்காரன்:
உண்டு தம்பி. வில்லோ மரத்தில் செதுக்கிய சின்னச் சின்ன மணிகளைக் கோத்த மாலை, இசிக்கு என்று பெயர். போரில் பேர் எடுத்தவன் மன்னரின் அனுமதியோடு கழுத்தில் போடலாம். ரோர்க்ஸ் ட்ரிஃப்டிலிருந்து திரும்பியவர்களை ஊரே கேலி செய்தது. மன்னர் சொல்லை மீறிப் போய், ஒரு வீட்டைக்கூடப் பிடிக்க முடியாமல் வந்தவர்கள் என்று.

இரண்டு இடத்துக்கும் போயிருக்கிறேன். இசாண்டல்வானாவில் புல்வெளி முழுக்க வெள்ளையடித்த கற்குவியல்கள். ஒவ்வொன்றும் பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கூட்டாகப் புதைத்த இடம். ஒரு குவியலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் அடுத்தது, அதற்கு அப்பால் இன்னொன்று, ஆற்றுப் பக்கம் போகும் வழியெல்லாம். யார் எங்கே விழுந்தார்கள் என்று அந்தக் கற்களே சொல்கின்றன. ஜூலுக்களுக்கு வெண்கலத்தில் பெரிய இசிக்கு மாலை ஒன்று 1999இல்தான் வந்தது. ரோர்க்ஸ் ட்ரிஃப்டில் மூட்டைச் சுவர் இருந்த கோட்டைத் தரையில் கல் பதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் இருபது முப்பது எட்டில் நடந்துவிடலாம். அவ்வளவு சின்ன இடம். நடந்து பார்த்தபோதுதான் இரண்டு பக்கமும் எவ்வளவு கிட்டத்தில் நின்றார்கள் என்று எனக்கு உறைத்தது.

கோட்டைமேடு:
போய்ப் பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை. நீங்கள் எழுதியதே பார்த்த மாதிரி இருக்கிறது, நன்றி அண்ணே. ஹூக் நின்ற அந்த அறை வாசலுக்கு எதிரே வந்தவர்கள் பெயர் எங்காவது பதிவாகியிருக்கிறதா?

டர்பன்காரன்:
ஆள் பெயர் இல்லை தம்பி. படைப்பிரிவுகளின் பெயர்தான்: உத்துல்வானா, உட்லோக்கோ, இன்ட்லொண்ட்லோ, இன்ட்லுயெங்வே.